பரணில் கிடக்கும் மஞ்சள் கேசட்டைக் கணினிக்குள் கொண்டுவருவது எப்படி

கேரளத்தில் தமிழக எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தொண்ணூறுகளில் வளர்ந்தவர்களுக்கு 'டிவி கேம்' என்றால் ஒரே பொருள்தான்: ஒரு வெளிர்நிறப் பெட்டி, வயர் வைத்த இரண்டு கைப்பிடிகள், மேலிருந்து குத்திச் செருகும் மஞ்சள் கேசட். பெயருக்குத்தான் அது கேசட். உள்ளே நாடா ஏதும் இல்லை. 1983 ஜூலை 15 அன்று ஜப்பானில் நின்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல்தான் அந்தப் பெட்டி என்பது எங்களில் ஒருவருக்கும் அப்போது தெரியாது. கோவைக்குப் போன மாமா வாங்கி வந்தார், விளையாடினோம். இப்போது அந்தக் கேசட்டுகள் பரணில், பழைய பாடப்புத்தகங்களுக்கும் ஓடாத மிக்ஸிக்கும் நடுவில் கிடக்கின்றன. ஆண்டுதோறும் ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஈரக்காற்று அவற்றின் உலோகப் பற்களைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டிருக்கிறது.

கேசட்டில் உள்ளதை இருந்தபடியே கோப்பாக எடுத்து, நம் வீட்டு டிவியில் ஓடிய அதே வேகத்தில் எமுலேட்டரில் ஓட்டும் முறையை இங்கே விளக்குகிறேன். எமுலேட்டர் என்பது பழைய கருவியின் செயலிகளைப் போலவே நடந்துகொள்ளும் நிரல். ஏற்கெனவே யாரோ எடுத்து வைத்த கோப்பை இறக்கிக்கொள்வது எளிதுதான். ஆனால் அது பெரும்பாலும் ஜப்பானிலோ அமெரிக்காவிலோ விற்ற அசல் கேசட்டின் பிரதி. நம் கையில் இருப்பது அதைத் திருத்தி, ஒட்டி, பெயர் மாற்றி விற்ற வேறொரு பொருள். எல்லையோரக் கடைகளில் விற்றது இதுதான், நாம் விளையாடியதும் இதைத்தான் என்பதால், பத்திரப்படுத்த வேண்டியதும் இதுவே என்பது என் கட்சி.

துடைத்தல்

கேசட் வேலை செய்யாவிட்டால் வாயால் ஊதிச் செருகுவது அன்றைய வைத்தியம். சில நேரம் அது பலித்தது. கழற்றி மறுபடி செருகியதில் பற்கள் வேறு இடத்தில் தொட்டதே அதற்குக் காரணம், ஊதியதில் ஒன்றும் இல்லை. வாய்க்காற்றின் ஈரம் பற்களில் படிந்து பச்சையாகப் பூக்கத்தான் உதவும். ஆகவே இனி ஊத வேண்டாம். 99 விழுக்காடு ஐசோப்ரோபைல் ஆல்கஹாலைக் காதுக் குச்சியில் நனைத்து, பற்கள் நீளும் திசையிலேயே மேலும் கீழுமாகத் துடைக்க வேண்டும். குச்சி கறுப்பாக வரும். வெள்ளையாக வரும்வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைத்து, நிழலில் அரை மணி நேரம் உலர விட வேண்டும்.

பச்சை போகவில்லை என்றால் பென்சில் எழுத்தை அழிக்கும் மெல்லிய ரப்பரால் இரண்டு மூன்று முறை லேசாகத் தேய்க்கலாம். அதற்கு மேல் போகக் கூடாது. என் முதல் கேசட்டை நான் உப்புத்தாளால் தேய்த்தேன், பளபளவென்று வந்தது. மேற்பூச்சு முழுவதும் போய்விட்டதால் அடுத்த மழைக்காலத்துக்குள் பற்கள் கருத்து, இன்று எந்தக் கருவியும் அதைப் படிப்பதில்லை. அந்தக் கேசட்டில் என்ன இருந்தது என்று இனி நினைவிலிருந்து சொல்லத்தான் முடியும்.

துடைப்பதற்கு முன்பே இரண்டு பக்கத்தையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள், ஒட்டுக்காகிதத்தை உரிக்காதீர்கள். என்னிடம் உள்ள ஒன்றில் கடையின் மலையாள முத்திரை, அதன் மேல் பந்துமுனைப் பேனாவால் தமிழில் இரவல் வாங்கியவரின் பெயர், மூலையில் பாதி கிழிந்த விலைச்சீட்டு ஆகிய மூன்றும் இருக்கின்றன. கேம் கோப்பு உலகில் வேறெங்காவது கிடைத்துவிடலாம். அந்த ஒட்டுக்காகிதத்துக்கு மறுபிரதி கிடையாது. ஸ்கேனர் இருந்தால் 600 டிபிஐ அளவில் எடுப்பது நல்லது.

உள்ளே இருப்பது

திருகாணி இருந்தால் திறந்து பார்க்கலாம். திருகாணி இல்லாமல் கவ்வி வைத்த ஓடுகளை நெம்பினால் உடையும் என்பதால் அவற்றை அப்படியே விட்டுவிடுங்கள். அசல் கேசட்டில் கால் வைத்த கறுப்புச் சில்லுகள் வரிசையாக இருக்கும். நம் ஊர் மஞ்சள் கேசட்டில் பெரும்பாலும் அப்படி இருக்காது. சிறிய பச்சைப் பலகையின் நடுவில், தோசைக்கல்லில் விழுந்த மாவுத்துளி போல, கறுப்புப் பிசின் பொட்டு ஒன்றோ இரண்டோ இருக்கும். சில்லை நேரே பலகையில் ஒட்டி, அதன் மேல் பிசினை ஊற்றி மூடியிருக்கிறார்கள். அதைச் சுரண்டினால் சில்லு செத்துவிடும். பிசினைத் தொடாமல், பலகையின் விளிம்பில் பக்கத்துக்கு 30 வீதம் உள்ள 60 பற்கள் வழியாகத்தான் தரவை வாங்க வேண்டும். அமெரிக்காவில் விற்ற கேசட்டுக்கு 72 பற்கள் என்பதால், கருவி வாங்கும்போது 60 பல் செருகுவாய் உண்டா என்று பார்த்து வாங்குங்கள்.

கேசட்டில் இரண்டு வகைத் தரவு இருக்கும். ஒன்று நிரல், மற்றொன்று படத்துண்டுகள், அதாவது 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்கள். கருவியின் முதன்மைச் செயலி ஒரு நேரத்தில் கேசட்டின் நிரலில் 32 கிலோபைட்டை மட்டுமே வசதியாகப் பார்க்கும். படச் செயலிக்கு 8 கிலோபைட். எளிய கேம்கள் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். அதைவிடப் பெரிய கேம்களிலும், பல கேம்களை ஒன்றாக அடைத்த கேசட்டுகளிலும், உள்ளே ஒரு சிறு மின்சுற்று அமர்ந்து, பெரிய நினைவகத்தின் வெவ்வேறு பகுதிகளை அதே சன்னலுக்கு மாற்றி மாற்றி நகர்த்திக் காட்டும். இந்த நகர்த்தும் முறைக்கு 'மேப்பர்' என்று பெயர், அதில் நூற்றுக்கணக்கான வகைகள் உண்டு. கேசட்டைப் பிரதி எடுப்பதில் உள்ள சிரமம் எல்லாம் இந்த ஒரு சொல்லில் அடங்கியிருக்கிறது.

'9999999 இன் 1' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்ப வேண்டாம். பட்டியல் பல பக்கம் ஓடும், ஆனால் உள்ளே உண்மையில் ஐந்தாறு கேம்கள்தான் இருக்கும். அதே கேமை மூன்றாம் கட்டத்திலிருந்து தொடங்குவது, கூடுதல் உயிரோடு தொடங்குவது என்று ஒவ்வொன்றுக்கும் புதுப்பெயர் சூட்டிப் பட்டியலை நீட்டியிருப்பார்கள். சின்ன வயதில் அது மோசடியாகத் தெரிந்தது. இன்று பார்த்தால், பெயர் தெரியாத யாரோ ஒருவர் சில பைட்டுகளுக்குள் செய்த கைவேலையாகத் தெரிகிறது. இந்தப் பட்டியல் திரையே அசல் கேசட்டுகளில் இல்லாத, காப்பாற்ற வேண்டிய பகுதி.

பிரதி எடுத்தல்

கேசட்டைப் படிக்கும் கருவியை வாங்கலாம், செய்தும் கொள்ளலாம். 'ஓப்பன் சோர்ஸ் கார்ட்ரிட்ஜ் ரீடர்' என்ற திட்டம் ஆர்டுயினோ மெகா 2560 என்ற சிறு கணினிப் பலகையை அடிப்படையாகக் கொண்டது. அதன் சுற்றுப்படமும் நிரலும் திறந்தே இருக்கின்றன. பற்றவைக்கத் தெரிந்தவர் உதிரிகளை வாங்கிச் சேர்த்துவிடலாம். கோப்பை அது நேரே எஸ்டி கார்டில் எழுதும். பற்றவைக்க விரும்பாதவர்களுக்கு 'ஐஎன்எல் ரெட்ரோ' போன்ற யுஎஸ்பி கருவிகள் இருக்கின்றன. பழைய டிவி கேம் பெட்டி இதற்குத் தேவையில்லை. அதை ஓட்டிப் பார்க்க ஆசைப்பட்டால், கிடைத்த அடாப்டரைச் செருகுவதற்கு முன் பெட்டியின் செருகுவாய் அருகே அச்சிட்டுள்ள கூட்டல் கழித்தல் குறியைப் பாருங்கள். இவ்வகைப் பெட்டிகளில் முனைகள் தலைகீழாக இருப்பது உண்டு.

மின்சாரத்தை நிறுத்திவிட்டே கேசட்டைச் செருக வேண்டும், நிறுத்திவிட்டே எடுக்க வேண்டும். எந்தப் பக்கம் முன்னால் வர வேண்டும் என்பதைக் கருவியில் உள்ள குறியைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்; திருப்பிச் செருகினால் கேசட்டும் கருவியும் சேர்ந்தே போகலாம். பிறகு கருவியின் பட்டியலில் மேப்பரையும் அளவையும் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே கேம் உள்ள கேசட்டில் மேப்பர் இல்லாத வகையை முதலில் முயன்று பார்ப்பது என் வழக்கம். நிரல் 32,768 பைட், படம் 8,192 பைட் வந்தால், மேப்பரையும் அளவையும் எமுலேட்டருக்குச் சொல்வதற்காக முன்னால் ஒட்டும் 16 பைட் தலைப்புப் பகுதியோடு சேர்த்துக் கோப்பு 40,976 பைட்டாக இருக்கும். படப்பகுதி வெறுமையாக வந்தால் உடனே பதற வேண்டாம். சில கேசட்டுகளில் படங்கள் நிரலுக்குள்ளேயே இருந்து, ஓடும்போதுதான் தற்காலிக நினைவகத்துக்கு எழுதப்படும்.

தவறான அளவைக் கொடுத்தால் கருவி குறை சொல்லாது, படித்ததையே திரும்பப் படித்து நிரப்பிக் கொடுத்துவிடும். கோப்பின் முதல் பாதியும் இரண்டாம் பாதியும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தால், அளவை இரட்டிப்பாகக் கொடுத்துவிட்டோம் என்று பொருள். பல கேம் கேசட்டின் மேப்பர் பிடிபடாவிட்டால் நிரலையும் படத்தையும் தலைப்புப் பகுதி இல்லாமல் தனித்தனிக் கோப்புகளாக வைத்துக்கொள்ளுங்கள், பலகையின் இருபுறப் படங்களையும் அதனுடன் சேருங்கள். தலைப்பைப் பிறகு எப்போது வேண்டுமானாலும் ஒட்டலாம்.

மூன்று முறை எடுத்து ஒப்பிடுதல்

ஒரு முறை எடுத்த பிரதியை நம்புவதற்கில்லை. மூன்று முறை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் எஸ்ஹெச்ஏ-1 என்ற, கோப்பின் கைரேகை போன்ற எண்ணைக் கணக்கிட்டு ஒப்பிட வேண்டும். கோப்பில் ஒரே ஒரு பிட் மாறினாலும் அந்த எண் முழுவதும் மாறிவிடும். ஒவ்வொரு முறைக்கும் இடையில் கேசட்டைக் கழற்றி மறுபடி செருகுவது முக்கியம். கழற்றாமல் மூன்று முறை எடுத்தால் ஒரே தவறை மூன்று முறை எடுத்தவர் ஆவோம்.

இந்த ஒப்பிடும் வேலையை எங்கள் வீட்டில் என் அக்கா மகள் செய்கிறாள். தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறாள். கேரள அரசின் கல்வித் தொழில்நுட்ப நிறுவனமான கைட், உபுண்டு லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு தயாரித்த இயங்குதளத்தில்தான் இங்குள்ள பள்ளிக் கணினிகள் ஓடுவதால், டெர்மினல் கறுப்புத் திரையைக் கண்டால் அவளுக்கு என்னளவு தயக்கம் இல்லை. எண்ணைக் கணக்கிடும் கட்டளை லினக்ஸிலேயே இருக்கிறது. சென்ற மழைக்காலத்தில் ஒரு கேசட்டுக்கு முதல் இரண்டு எண்கள் ஒத்துப்போயின. "மாமா, மூணாவது வேற மாதிரி வருது" என்றாள். "ரெண்டு ஒண்ணா இருக்குல்ல, போதும்" என்றேன். "அப்ப எதுக்கு மூணு தடவை எடுக்கச் சொன்னீங்க?" என்று கேட்டாள். பதில் இல்லாமல் கேசட்டை மறுபடி துடைத்தேன். ஓரத்தில் ஒரு பல்லின் மேல் மயிரிழை அளவுக்குப் பச்சை இருந்தது. அதை எடுத்தபின் வந்த மூன்று எண்களும் தங்களுக்குள் ஒன்றாக இருந்தன, ஆனால் முதலில் ஒத்துப்போன அந்த இரண்டோடு ஒத்துப்போகவில்லை. அதாவது முதல் இரண்டும் தவறான பிரதிகள்.

இந்த எண்ணை, சரிபார்த்த கேம் பிரதிகளின் எண்களைத் தொகுக்கும் நோ-இன்ட்ரோ போன்ற பொதுப் பட்டியல்களோடு ஒப்பிட்டால், அசல் கேமா, திருத்தப்பட்டதா என்பது தெரியும். அப்போது 16 பைட் தலைப்பை நீக்கிய எண்ணையும் பாருங்கள். தலைப்பு மனிதர் ஒட்டியது, ஆளுக்கு ஆள் மாறும். அதனால் மட்டுமே நல்ல பிரதி தவறாகத் தோன்றலாம்.

நம் டிவியின் வேகத்தில் ஓட்டுதல்

ரெட்ரோஆர்க் என்ற திறந்த மூல நிரல் பல எமுலேட்டர்களை ஒரே கூரையின் கீழ் வைக்கும். அவற்றை அது 'கோர்' என்கிறது. உபுண்டுவில் ஃபிளாட்ஹப் என்ற நிரல் தளம் வழியாக நிறுவுவது வசதி. உள்ளே 'ஆன்லைன் அப்டேட்டர்' சென்று மெசென் அல்லது நெஸ்டோபியா கோரை இறக்கி, 'லோட் கன்டென்ட்' மூலம் கோப்பைத் திறந்தால் கேம் ஓடும். பெரும்பாலோர் இத்துடன் நிறுத்திவிடுகிறார்கள். ஆனால் பாட்டு வேகமாகப் போவது போலவும், பழகிய இடத்தில் குதித்தால் குழியில் விழுவது போலவும் ஓர் உறுத்தல் இருக்கும். விரல் மறந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். எமுலேட்டர் அமெரிக்க வேகத்தில் ஓடுகிறது, அவ்வளவுதான்.

ஜப்பான், அமெரிக்க டிவிகளில் திரை நொடிக்கு ஏறத்தாழ 60 முறை வரையப்படும். இந்தியாவில் இருந்த 'பால்' (PAL) என்ற டிவி ஒளிபரப்பு முறையில் 50 முறை. இந்தக் கேம்கள் பாட்டின் தாளத்தையும் ஓட்டத்தையும் திரை வரையும் எண்ணிக்கையை வைத்தே நடத்துவதால், 50 ஹெர்ட்ஸ் பெட்டியில் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகப் போகும். நின்டெண்டோ ஐரோப்பாவில் விற்ற அதிகாரபூர்வ பால் கருவியில் செயலியின் துடிப்பும் 1.79 மெகாஹெர்ட்ஸிலிருந்து 1.66க்கு இறங்கியதால் சுருதியும் தாழ்ந்தது. 50 ஹெர்ட்ஸ் நாடுகளுக்காகத் தயாரான நகல் பெட்டிகளில் பெரும்பாலானவை வேறு வழியில் போயின: திரை 50, ஆனால் செயலி 1.77. அதனால் தாளம் மட்டும் மெதுவாகி, சுருதி கிட்டத்தட்ட அசலாகவே நின்றது. நம் காதில் தங்கியிருப்பது இந்த மூன்றாவது வகை ஒலிதான். ரஷ்யாவில் பெயர்பெற்ற நகல் கருவி ஒன்றின் பெயரால் எமுலேட்டர்கள் இதை 'டெண்டி' என்று அழைக்கின்றன. மெசெனிலும் நெஸ்டோபியாவிலும் கோர் அமைப்புகளுக்குள் 'ரீஜன்' என்ற இடத்தில் 'ஆட்டோ' என்று இருப்பதை 'டெண்டி' என்று மாற்றினால் போதும்.

உங்கள் பெட்டி எந்த வகை என்று உறுதி செய்ய, அது இன்னும் ஓடுமானால், தொடக்கப் பாட்டைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். அமெரிக்க வேகத்தில் 12 நொடியில் ஒரு சுற்று முடியும் பாட்டு, 50 ஹெர்ட்ஸில் 14.4 நொடி எடுக்கும். சுருதியும் தாழ்ந்திருந்தால் 'பால்', இல்லையென்றால் 'டெண்டி'. மடிக்கணினியின் 60 ஹெர்ட்ஸ் திரையில் 50 சட்டகங்கள் ஓடும்போது நகர்வில் சிறு உதறல் தெரியும். அது கோளாறு அன்று. வாத்து சுடும் துப்பாக்கி மட்டும் புதிய டிவியில் ஒருபோதும் வேலை செய்யாது. அது பழைய குழாய்த் திரையின் ஒளியை எதிர்பார்ப்பது. எமுலேட்டரில் மவுஸை வைத்துச் சுட வேண்டியதுதான்.

ஃப்ளாப்பிகள்

கேசட்டுகளோடு, கம்ப்யூட்டர் சென்டரில் வாங்கிய கணினி கேம்கள் உள்ள 3.5 அங்குல ஃப்ளாப்பிகளும் இருந்தால், முதலில் உலோக மூடியை நகர்த்தி உள்ளே பூஞ்சை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் டிரைவில் போடாதீர்கள். படிக்கும் முனையில் ஒட்டி அடுத்த ஃப்ளாப்பியையும் கெடுக்கும். தவறுதலாக மேலெழுதிவிடாமல் தடுக்க, 3.5 அங்குலத்தில் மூலைத் துளை திறந்திருக்க வேண்டும்; 5.25 அங்குலத்திலோ ஓரத்து வெட்டை ஒட்டி மூட வேண்டும். யுஎஸ்பி டிரைவ் நல்ல ஃப்ளாப்பிக்குப் போதும், முழுப் பிரதி 1,474,560 பைட் வரும். அடம்பிடிப்பவற்றுக்கு கிரீஸ்வீசல் என்ற திறந்த மூலக் கருவி, பழைய டிரைவோடு சேர்ந்து, காந்தத் துடிப்பையே பதிவு செய்துகொள்ளும். ஓட்டுவதற்கு, பழைய டாஸ் கணினியைப் போல நடந்துகொள்ளும் டாஸ்பாக்ஸ் என்ற எமுலேட்டர்.

பகிர்வதற்கு முன்

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, கணினி நிரலைச் சட்டப்படி வைத்திருப்பவர் அழிவுக்கு எதிரான காப்புப் பிரதி எடுத்துக்கொள்வதையும், சட்டப்படி பெற்ற பிரதியிலிருந்து வணிகம் அல்லாத சொந்தப் பயன்பாட்டுக்குப் பிரதி எடுப்பதையும் அனுமதிக்கிறது. சிக்கல் என்னவென்றால், மஞ்சள் கேசட்டே உரிமம் இல்லாத பிரதி. 2023இல் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் வெளியிட்ட ஆய்வின்படி, அமெரிக்காவில் 2010க்கு முன் வந்த கேம்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் இல்லை. அதற்காக எடுத்த கோப்பைப் பொதுவில் ஏற்றலாம் என்று ஆகிவிடாது. எஸ்ஹெச்ஏ-1 எண்ணையும் பலகைப் படத்தையும் ஒட்டுக்காகிதத்தையும் பகிர்கிறேன். கோப்பு வீட்டோடு இருக்கிறது.

பிள்ளைகளுக்கும் நண்பர்களுக்கும் கொடுப்பதற்கு, இதே பழைய கருவிக்காகப் புதிதாக எழுதிய திறந்த மூலக் கேம்கள் உண்டு. 'நோவா தி ஸ்குவிரல்', 'த்வெய்ட்' இரண்டும் ஜிபிஎல் உரிமத்தில் மூலநிரலோடு கிடைப்பதால் திருத்தவும் பகிரவும் தடையில்லை. திரைச் சொற்களைத் தமிழாக்கலாமே என்று நானும் அக்கா மகளும் இறங்கினோம். ஒரு படப்பட்டியலில் 256 கட்டங்கள், தமிழில் 247 எழுத்துகள் என்பது பொருத்தமாகத் தோன்றியது. ஆனால் 8 புள்ளி அகலத்தில் 'ணை' அடங்கவில்லை, 'ழ'வின் வால் கீழ்க்கட்டத்துக்கு இறங்கியது. தேவையான சொற்களின் எழுத்துகளுக்கு மட்டும் இரண்டிரண்டு கட்டம் ஒதுக்குவது என்று முடிவானது. 'தொடங்கு' தயாராகிவிட்டது.

வைத்திருத்தல்

கோப்புகள் சிறியவை, ஒரு பென்டிரைவில் ஊர் முழுவதன் கேசட்டுகளும் அடங்கும். ஆயினும் ஒரே பென்டிரைவை நம்பாமல், வீட்டில் ஒன்றும் பொள்ளாச்சியில் தம்பி வீட்டில் ஒன்றுமாக வைத்திருக்கிறேன். ஆண்டுக்கொரு முறை, மழைக்கு முன் மே மாதத்தில், எண்களை மறுபடி கணக்கிட்டுப் பார்க்கிறோம். கேசட்டுகளைச் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு இறுக மூடும் டப்பாவில் இட்டு, பரணிலிருந்து அலமாரிக்கு மாற்றுங்கள். ஓட்டுக்கு அடியில் உள்ள பரண்தான் வீட்டிலேயே அதிகம் வேகும், அதிகம் நனையும்.

ஒவ்வொரு கோப்போடும் யூனிகோடு தமிழில் ஒரு சிறு குறிப்பு வையுங்கள்: எந்த ஆண்டு, எந்த ஊர்க் கடை, என்ன விலை, எந்த டிவியில் ஓடியது, டெண்டியா பாலா, யாருக்கு இரவல் போய் வந்தது. விலையும் ஆண்டும் அம்மாவுக்கோ மாமாவுக்கோதான் நினைவிருக்கும் என்பதால், அவர்களிடம் கேட்டு எழுதி முடித்த பிறகே டப்பாவை மூடுங்கள்.